உப்புப் போட்டா அது பீரா? லைப்சிக் கோசே பத்தி ஒரு சண்டை

லைப்சிக்வாசி:
பக்கத்துத் திரியில மூனிக் மைனர் எழுதினதைப் படிச்சதுல இருந்து கடுப்பா இருக்கு. "கோசேன்னு ஒண்ணு விக்கிறான், உப்பும் கொத்தமல்லியும் போட்ட கெட்டுப்போன பீர், ஊருக்குப் புதுசா வர்றவன் தலையில கட்டுறான்"னு எழுதியிருக்கார். அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தனித் திரி.

இங்கே ஜெர்மனியில, லைப்சிக் ஊர்ல, பேயரிஷர் பான்ஹோஃப்னு 1842ல திறந்த பழைய ரயில் நிலையம் இருக்கு. 2000ல இருந்து அதுக்குள்ளேயே கோசே காய்ச்சுறாங்க. நெட்டைக் கிளாஸ்ல வைக்கோல் நிறத்துல கலங்கலா வரும். முதல் மடக்குல நல்ல புளிப்பு. அது லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா தர்ற புளிப்பு, வேணும்னே புளிக்க விட்டது. பின்னாடியே இடிச்ச கொத்தமல்லி விதை வாசம் மூக்குல ஏறும். உப்பு கடைசியிலதான் வரும், அதுவும் நாக்கு ஓரத்துல மட்டும். கசப்பு இல்லவே இல்லைங்கிற அளவு கம்மி. கோடைக்கு இதைவிட நல்ல பீர் எனக்குத் தெரியாது. இதைக் கெட்டுப்போனதுன்னு எழுதுறவர் ஒழுங்கா ஒரு கிளாஸ் குடிச்சிருப்பாரான்னே சந்தேகமா இருக்கு.

மூனிக் மைனர்:
குடிச்சுட்டுத்தான் எழுதினேன். 1516 ஏப்ரல் 23, இங்கோல்ஸ்டாட்ல எங்க பவேரியாவோட கோமகன் நாலாம் வில்ஹெல்ம் போட்ட பீர்த் தூய்மைச் சட்டம். பீருக்கு பார்லி, கசப்புக்குப் போடுற ஹாப்ஸ் பூ, தண்ணி, அவ்வளவுதான். இதுல உப்பு எங்கே இருக்கு? காட்டுங்க, பேசலாம்.

லைப்சிக்வாசி:
பீரை நொதிக்க வைக்கிற ஈஸ்ட் அந்தச் சட்டத்துல எங்கே இருக்குன்னு நீங்க காட்டுங்க. உங்க ஊர்ல காலையிலேயே வெள்ளைத் தொத்திறைச்சியோட வைஸ்பியர் குடிக்கிறீங்களே, அதுல கோதுமை இருக்கே, அது 1516 பட்டியல்ல எந்த வரியில வருது? கோதுமை பீர் காய்ச்சுற உரிமையைத் தனக்குன்னு வச்சுக்கிட்டு சம்பாதிச்சது அதே அரச குடும்பம்தான். அப்புறம், லைப்சிக் இருக்கறது சாக்சனியில, பவேரியாவுல இல்லை. பவேரியச் சட்டம் ஜெர்மனி முழுக்க வந்ததே 1906லதான்.

மூனிக் மைனர்:
கோதுமை தானியம் சார். உப்பு தானியமா? உப்பு எங்கேன்னு கேட்டேன்.

கென்ட் கோமதி:
ரெண்டு பேரும் ஜெர்மனியைத் தாண்டி உலகமே இல்லைங்கிற மாதிரி பேசுறீங்க. பெல்ஜியத்துல ஹூகார்டன் ஊர்ல கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டு விட்பியர்ங்கிற கோதுமை பீர் காய்ச்சுறாங்க. அந்த வகையே அழிஞ்சு போயிருந்தப்போ 1960கள்ல பியர் செலிஸ்ங்கிறவர் மீட்டுக் கொண்டு வந்தார். உலகமே குடிக்குது, யாரும் சட்டப் புத்தகத்தைத் தூக்கிட்டு வரலை. கொத்தமல்லி பீர்னா அது பெல்ஜியம்தான்.

லைப்சிக்வாசி:
கோமதி அக்கா, ஆதரவுக்கு நன்றி. ஆனா "கொத்தமல்லி பீர்னா பெல்ஜியம்தான்"ங்கிறதை ஏத்துக்க முடியாது. விட்பியர்ல உப்பு கிடையாது, இந்த அளவு புளிப்பும் கிடையாது. ரெண்டும் வேற வேற.

கென்ட் கோமதி:
வேறன்னு நானும்தான் சொல்றேன். பெருமையை மட்டும் நீங்களே வச்சுக்கணுமா?

கோஸ்லார் நேசன்:
எல்லாரும் அடிப்படையையே விட்டுட்டீங்க. கோசேங்கிறது கோஸ்லார் ஊர்ல ஓடுற ஆறு. பீருக்குப் பேர் அதுல இருந்து வந்தது. அந்தப் பக்கத் தண்ணியிலேயே தாது உப்பு உண்டு, அதனாலதான் உப்புக் கரிச்சுது. யாரும் கையால அள்ளிப் போடலை. லைப்சிக்காரங்க பின்னாடி வந்து காப்பியடிச்சாங்க.

மூனிக் மைனர்:
அப்படிப் போடுங்க! தண்ணியில இயற்கையா இருந்தா எனக்கு ஆட்சேபம் இல்லை. லைப்சிக்ல மூட்டையில வாங்கிப் போடுறாங்களே, அதைத்தான் கேக்கறேன்.

லைப்சிக்வாசி:
நேசன், எங்கே இருந்து வந்தீங்க இந்தக் கதையைத் தூக்கிட்டு? ஊர்ப்பேர் உங்களோடதுதான், மறுக்கலை. ஆனா கோஸ்லார்ல அந்தப் பீர் நின்னே போச்சு. காப்பாத்தினது லைப்சிக். இங்கேயும் 1966ல கடைசியாக் காய்ச்சின ஆலை மூடி, ஊர்ல ஒரு சொட்டு கோசே இல்லாத காலம் வந்துச்சு. 1986ல, கிழக்கு ஜெர்மனி காலத்துலேயே, லோதார் கோல்ட்ஹான்ங்கிறவர் 'ஓனே பெடெங்கென்' விடுதியைத் திரும்பத் திறந்து, பழைய ஆட்களைத் தேடிப்பிடிச்சு ருசியைக் கேட்டு, மறுபடி காய்ச்ச வச்சார். அந்த உழைப்பைக் காப்பின்னு ஒரே வார்த்தையில தள்ளுறீங்க. மனசு கொதிக்குது.

மூனிக் மைனருக்கு: உப்பு உப்புன்னு கேட்டீங்கல்ல? உங்க பவேரியாவோட சொந்தச் சட்டமே பதில் சொல்லும். 1551ல பவேரியக் கோமகன் ஆணை கொத்தமல்லியும் லாரல் இலையும் போடலாம்னு அனுமதிச்சுது. 1616ல வந்த பவேரிய ஆணை ஜூனிப்பர், சீரக வகை, அப்புறம் உப்பு, மூணையும் அனுமதிச்சுது. உப்பு! உங்க ஊர்லயே! இன்னும் என்ன வேணும்?

மூனிக் மைனர்:
நான் 1616 பத்திக் கேக்கலை. 1516 பத்திக் கேட்டேன். அதுல உப்பு இல்லை. அவ்வளவுதான்.

உப்பு, புளிப்பு, கொத்தமல்லி எல்லாம் சேர்ந்தா அதுக்கு நம்ம ஊர்ல நீர்மோர்னு பேர். பீர்னு சொல்லி யூரோ வாங்காதீங்க.

கென்ட் கோமதி:
மூனிக்ல பாதி பீர், பாதி எலுமிச்சை சோடா கலந்து ராட்லர்னு குடிக்கிறீங்களே, அது எந்தச் சட்டத்துல இருக்கு மைனர்?

மூனிக் மைனர்:
ராட்லர் கலவை. பீர்னு யாரும் சொல்லலை. படிச்சுட்டுப் பேசுங்க.

கென்ட் கோமதி:
நீங்க கத்துக்குடுக்கற நிலைமையில நான் இல்லை.

லைப்சிக்வாசி:
அடுத்தவங்களைப் படிக்கச் சொல்றவர் முதல்ல 1616 ஆணையைப் படிக்கட்டும். உப்பு அதுல இருக்கு. திரும்பச் சொல்றேன், உப்பு அதுல இருக்கு.

மூனிக் மைனர்:
பாம்பெர்க் ஊரோட ராவ்க்பியர், அதான் புகை பீர், பத்தின திரியில நீங்க என்ன எழுதினீங்கன்னு ஞாபகம் இருக்கா? "கருகின விறகு நாத்தம்"னு எழுதினீங்க. விறகுப் புகையில மால்ட்டை, அதாவது முளைவிட்ட தானியத்தை, காயவைக்கிற எவ்வளவு பெரிய பழக்கம் அது! மேற்கொண்டு எதையும் போடாம, சட்டத்துக்குள்ள நின்னு அந்த வாசத்தைக் கொண்டு வர்றாங்க. அதை ஏளனம் பண்ணினவர் இன்னிக்கு உப்பு பீருக்குக் கண்ணீர் விடுறார்.

லைப்சிக்வாசி:
அன்னிக்கு எழுதினது என் நாக்குக்குப் பட்டது, இப்பவும் அதுல மாத்தம் இல்லை. ஆனா ராவ்க்பியர் பீரே இல்லைன்னு நான் சொன்னேனா? நீங்க கோசேயை அப்படித்தானே சொன்னீங்க? பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போங்க, எனக்குக் கவலை இல்லை. கெட்டுப்போனது, ஏமாத்துன்னு சொன்னா விடமாட்டேன்.

கோஸ்லார் நேசன்:
ஆத்துத் தண்ணி பத்தி நான் சொன்னதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லலை.

லைப்சிக்வாசி:
சொல்லிட்டேன் நேசன். பேர் உங்களுது, பீர் எங்களுது. அந்த ஆத்துல இன்னிக்கு உப்புக் கரிக்குதான்னு நீங்களே குடிச்சுப் பார்த்துட்டு வந்து எழுதுங்க.

கோஸ்லார் நேசன்:
ஆறு வேற, நிலத்தடி நீர் வேற. இதுகூடத் தெரியாம திரி ஆரம்பிச்சிருக்கீங்க.

மூனிக் மைனர்:
தண்ணியில இருந்தா பிரச்சினை இல்லைன்னு முதல்லயே சொல்லிட்டேன். கையால போட்டா அது பீர் இல்லை. 1516.

லைப்சிக்வாசி:
1616.