கன்னங்குறிச்சி – கருப்பூர் தினசரி ஓட்டம்: ஆர்15 எடுக்கலாமா, எக்ஸ்பல்ஸை சூப்பர்மோட்டோவா மாத்தலாமா?

மூக்கனேரி ரைடர்:

அண்ணன்மாரே, வணக்கம். ஒரே குழப்பமா இருக்கு. இப்ப ஓட்டுறது அப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டர். வீடு கன்னங்குறிச்சி, வேலை கருப்பூர். காலையில அஸ்தம்பட்டி, சாரதா காலேஜ் ரோடு, அங்கிருந்து ஈரடுக்கு மேம்பாலம் ஏறி குரங்குச்சாவடில இறங்கி ஓமலூர் ரோட்டைப் பிடிப்பேன். சாயங்காலம் பாலத்துக்குக் கீழ ஐந்து ரோடு வழியாத்தான் வரணும், வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். மாமா வீடு நாகலூர்ல, அதனால அப்பப்ப ஞாயித்துக்கிழமை ஏற்காடு. வெள்ளிக்கிழமை அம்மாவை கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

தெரிஞ்சவர் ஒருத்தர் யமஹா ஆர்15 வி4, அதான் ரேஸ் வண்டி மாதிரி குனிஞ்சு ஓட்டுறது, கொடுக்கிறேங்கிறார், நல்லா வச்சிருக்கார். இல்லேன்னா மண்ணு ரோட்டுக்கும் போற உசரமான வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி எடுத்து, ரெண்டு பக்கமும் 17 இஞ்ச் ரிம், ரோட்டு டயர் போட்டு சூப்பர்மோட்டோவா, அதாவது தார் ரோட்டுக்கு ஏத்த மண்ணு வண்டியா, மாத்தலாம்னு ஆசை. வீடியோ பாத்துப் பாத்து மனசு அந்தப் பக்கம்தான் சாயுது. என் உயரம் அஞ்சடி அஞ்சு. என்ன சொல்றீங்க?

சூரமங்கலம் ஆர்15:

ப்ரோ, கண்ணை மூடிட்டு ஆர்15 எடுங்க. 155 சிசி, 18.4 பிஎஸ், எடை 142 கிலோகிட்டத்தான். மேம்பாலத்துல அஞ்சாவது, ஆறாவது கியர்ல போறப்ப வண்டி தண்டவாளத்துல போற மாதிரி இருக்கும். மைலேஜும் குறை சொல்ல முடியாது. டியூப்லெஸ் டயர். கை வலிக்கும்னு சொல்லுவாங்க, ஒரு மாசத்துல பழகிடும். சூப்பர்மோட்டோ எல்லாம் ரீல்ஸ் போடத்தான் நல்லது.

அடிவாரம் பட்டறை:

தம்பி, நான் ஏற்காடு அடிவாரத்துக்கிட்ட டூவீலர் பட்டறை வச்சிருக்கேன். மேல போற வண்டி, கீழ வர்ற வண்டி ரெண்டையும் பாக்கிறவன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பிரேக் பேடு தேஞ்சு, டிஸ்க் நீலம் பாரிச்சு எத்தனை வண்டி வந்து நிக்கும்னு கேட்டா சிரிப்பே. அதனால ரெண்டு பக்கமும் சொல்றேன்.

முதல்ல ஆர்15. வண்டி தங்கமான வண்டி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதோட முழு பவர் வர்றது 10,000 ஆர்பிஎம்ல. வேகத்துக்கு ஏத்த மாதிரி வால்வு திறக்கிறதை மாத்துற விவிஏ வேலை செய்ய ஆரம்பிக்கிறதே 7,400ல. நீ சாயங்காலம் ஐந்து ரோட்டுல பஸ்ஸுக்குப் பின்னாடி ரெண்டாவது கியர்ல உருட்டிட்டு இருக்கிறப்ப அது எதுவும் உன்கிட்ட வராது. அங்க உன்கிட்ட வர்றது ரேடியேட்டர் ஃபேன் தள்ற அனல்தான். ஏப்ரல், மே மாச சேலத்துல, பாலத்துக்கு அடியில, ஃபேரிங் வழியா முழங்கால்ல அடிக்கிற அந்தக் காத்தை அனுபவிச்சாத்தான் தெரியும். ஃபோர்க்குல தாழ்வா மாட்டின கிளிப்-ஆன் ஹேண்டில் முழுசாத் திரும்பாது, அதனால சந்துல யூ-டர்ன் அடிக்க முன்னாடி பின்னாடி தள்ளணும். ஓமலூர் ரோடு ஏறிட்டா கதை வேற. 70, 80ல நெஞ்சுல காத்து அடிக்காது, வண்டி கல்லு மாதிரி நிக்கும். சூரமங்கலம் தம்பி சொன்னது அந்த இடத்துல நூத்துக்கு நூறு.

மலைக்கு வா. இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஆர்15 பரவாயில்ல, முதல் கியருக்கு அடிக்கடி இறங்கணும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் ஆளைத் தின்னும். இறக்கத்துல உடம்பு எடை முழுசும் மணிக்கட்டுல வந்து உக்காரும். அந்தக் கையாலேயே பிரேக்கும் பிடிக்கணும், ஹேண்டிலும் திருப்பணும். தலை குனிஞ்சு இருக்கிறதால வளைவுக்கு அந்தப் பக்கம் கவர்மெண்ட் பஸ் ரோடு பூரா எடுத்துக்கிட்டு திரும்புறது லேட்டாத்தான் கண்ணுல படும். உசரமான சீட்டு, அகலமான ஹேண்டில் இருக்கிற வண்டியில நிமிந்து உக்காந்து, தடுப்புச் சுவருக்கு மேலேயே பஸ்ஸோட கூரையைப் பாத்துடலாம். மழைக்கு அப்புறம் சில்வர் ஓக் இலை ரோட்டுல ஒட்டிக் கிடக்கும் பாரு, அதுல உடம்பைச் சாய்க்காம வண்டியை மட்டும் அடியில சாய்ச்சுத் திரும்ப அந்த ஹேண்டில்தான் உதவும். சூப்பர்மோட்டோமேல உனக்கு வந்த ஆசை தப்பான ஆசை இல்ல.

ஆனா எக்ஸ்பல்ஸை மாத்துறேன்னு சொன்னியே, அங்கதான் நிக்கணும்.

சூப்பர்மோட்டோ பிறந்த கதை தெரியுமா? 1979ல அமெரிக்காவுல ஒரு டிவி நிகழ்ச்சிக்காக ஆரம்பிச்சது. பாதி தார், பாதி மண்ணு போட்ட ட்ராக்ல, மண்ணு ரேஸ்காரன், தார் ரேஸ்காரன் எல்லாரையும் ஒண்ணா ஓட விட்டாங்க. அப்புறம் பிரான்ஸ்காரங்க அதை வளர்த்தாங்க. மண்ணு வண்டிக்கு 17 இஞ்ச் வீல் போட்டா சூப்பர்மோட்டோன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நிஜத்துல சின்ன வீலோட பெரிய பிரேக், இறுக்கமான சஸ்பென்ஷன் எல்லாம் சேந்துதான் அந்த வண்டி. கம்பெனியே சூப்பர்மோட்டோவா செய்யிற கேடிஎம் 690 எஸ்எம்சி ஆர்ல முன் டிஸ்க் 320 மி.மீ. எக்ஸ்பல்ஸ்ல 276. ஒட்டுற டயரைப் போட்டு இறக்கத்துல அழுத்திப் பிடிச்சா, 190 மி.மீ. இறங்குற அந்த மெத்து ஃபோர்க் மூக்கைத் தரையில குத்தும்.

கணக்கும் போட்டுக் காட்டுறேன். எக்ஸ்பல்ஸ் முன் டயர் 90/90-21, குறுக்களவு 695 மி.மீ. வரும். அதுக்குப் பதிலா 110/70-17 போட்டா 586. ஆக முன் அச்சு 5 செ.மீ.க்கு மேல கீழ இறங்குது. பின்னாடி 120/80-18க்கு 140/70-17 போட்டா 1 செ.மீ.தான் இறங்கும். வண்டி மூக்கைக் குனிஞ்சு நிக்கும். ஃபோர்க் கோணம் நிமிந்துடும், ஹேண்டில் படபடன்னு திரும்பும். ஐந்து ரோட்டுல அது சுகம். ஓமலூர் ரோட்டுல லாரி காத்து அடிக்கிறப்ப வயித்தைக் கலக்கும். போன வருஷம் வெளியூர்ல ஒரு கடையில இப்படி மாத்தின வண்டி நம்ம பட்டறைக்கு வந்துச்சு. ஃபோர்க்கைத் தொடவே இல்ல, ஸ்பிரிங் மாத்தல, ரிம்முக்கு மட்டும் காசு வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. அந்தப் பையன் பதினாலாவது வளைவுல நேரா ஓடைப்பக்கம் போயிருக்கான். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போட போச்சு.

செவ்வாய்ப்பேட்டை பாலிசி:

பட்டறை அண்ணன் தொடாத ஒண்ணு. நான் வண்டி இன்சூரன்ஸ் வேலையில இருக்கேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. அதே சைஸ்ல வேற பிராண்டு டயர் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க. 21 இஞ்ச் ரிம்மைக் கழட்டி 17 போட்டு, அந்த வண்டி விபத்துல சிக்குச்சுன்னா சர்வேயர் முதல்ல அதைத்தான் போட்டோ எடுப்பார். கிளெய்ம் அங்கேயே இழுபறி ஆகும். மாத்தினதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லாம ஓட்டாதீங்க.

மூக்கனேரி ரைடர்:

அண்ணா, அந்த 5 செ.மீ. கணக்கை எந்த வீடியோவுலயும் யாரும் சொல்லல. நன்றிங்க. இன்னொரு சந்தேகம், முன் வீல் சின்னதானா ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டும்ல? அப்புறம் அம்மா சேலையில ஒருக்களிச்சுத்தான் உக்காருவாங்க. அதுக்கு எது தேவலை?

அடிவாரம் பட்டறை:

முன் சக்கரத்துல இருந்து வேகம் எடுக்கிற வண்டியா இருந்தா, மீட்டர் 60 காட்டும்போது நீ 50தான் போவே. போலீஸ்காரர் சந்தோஷப்படுவார். ஆனா ஓடோமீட்டரும் கூடுதலாத்தான் ஓடும், ஆயில் மாத்துற கணக்கு தப்பும், விக்கிறப்பவும் நஷ்டம். ஏபிஎஸ் சென்சாரும் அந்தப் பழைய டயர் அளவை வச்சுத்தான் அமைச்சது.

அம்மா விஷயத்தை நீ முதல் வரியில எழுதியிருக்கணும் தம்பி! ஆர்15 பின் சீட்டு உள்ளங்கை அகலம், அதுவும் முன்னாடி சரிஞ்சு இருக்கும். சேலையில ஒருக்களிச்சு உக்காந்தா பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் உன் முதுகுல வந்து இடிப்பாங்க. பிடிக்க வசதியான கைப்பிடியும் இல்ல. எக்ஸ்பல்ஸ்ல ஒரே நீள சீட்டு, பின்னாடி கேரியர் தட்டு, பிடிச்சுக்கலாம். ஆனா ஏறுறது சிரமம். சீட்டு உசரம் உனக்கே 825 மி.மீ., அவங்க சீட்டு அதைவிடக் கொஞ்சம் மேல. திண்ணை ஓரமாவோ பிளாட்பாரம் ஓரமாவோ நிறுத்தி ஏத்தணும். சேலை கார்டு கழட்டாம இருக்கான்னு பாரு, வாங்கின மறுநாளே ஸ்டைலுக்குன்னு கழட்டிடுறானுங்க.

ஆக என் பேச்சு இதுதான்: எக்ஸ்பல்ஸ் வாங்கு, 21-18 வீலை அப்படியே விடு. கம்பெனி டயர் தேஞ்சதும் அதே சைஸ்ல தாருக்கு ஒத்த பட்டன் குறைஞ்ச டயர் போடு. ஹேண்டில் அகலம், சீட்டு உசரம், குழியில அசராத சஸ்பென்ஷன், நீ சூப்பர்மோட்டோவுல தேடுறது முக்கால்வாசி அதுலயே இருக்கு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வாங்கு. அது டியூப் டயர். ஆணி ஏறினா டியூப்லெஸ் மாதிரி மெதுவா இறங்காது, சட்டுனு உக்காந்துடும். 21 இஞ்ச் டியூப் எல்லாப் பஞ்சர் கடையிலயும் தொங்காது. கருப்பூர்ல ராத்திரி எட்டு மணிக்கு நின்னுட்டு எனக்கு போன் பண்ணாதே, ஒரு டியூப் வாங்கி சீட்டுக்குப் பின்னாடி கட்டிக்க.

ஓமலூர் ரோட்டுல 80க்கு மேல காத்து நெஞ்சுல அடிக்கும். உன் ஓட்டத்துக்கு அந்தத் தூரம் கொஞ்சம்தான், அதுக்காக ஆர்15 வாங்கணுமான்னு நீயே பாத்துக்க. யமஹாவோட எம்டி-15 பக்கமும் ஒரு தடவை போய்ப் பாரு. ஆர்15 இன்ஜின்தான், ஹேண்டில் நிமிந்தது. பின் சீட்டு மட்டும் அதுலயும் அம்மாவுக்கு ஆகாது.

டெஸ்ட் ரைடு போறப்ப ஷோரூம்காரங்க காலி ரோட்டுல ஒரு வட்டம் அடிக்க விடுவாங்க. அதை நம்பாதே. சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டு வாங்கி ஐந்து ரோட்டுக்குள்ள விடு.

மூக்கனேரி ரைடர்:

சரிங்கண்ணா. சனிக்கிழமை அம்மாவையும் ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஏறிப் பாக்கட்டும்.

சூரமங்கலம் ஆர்15:

எல்லாம் சரி ப்ரோ. அந்த ஆர்15 கொடுக்கிறவர் என்ன விலை சொல்றாரு? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? என் மச்சான் ஒரு வி4 தேடிட்டு இருக்கான், விவரத்தைத் தனி மெசேஜ்ல அனுப்புங்க.