பூங்காவில் நாம் தப்பாகப் புரிந்துகொண்ட விலங்குகள்

உயிரியல் பூங்காவில் ஒன்றைப் பார்த்து ஒரு மாதிரி நினைத்துக்கொண்டு, பிற்பாடு அது வேறு என்று தெரிந்துகொண்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். எழுதுங்கள். முதலில் என்னுடையது.

நானும் மகளும் அடிக்கடி போகும் பூங்கா அரை நாளில் சுற்றி முடிக்கக்கூடியது. அங்கே சிறுத்தைக் கூண்டின் முன்னால்தான் எப்போதும் கூட்டம். சிங்கம் பாதி நாள் தூங்கிக்கொண்டிருக்கும், சிறுத்தையோ நடந்துகொண்டே இருக்கும். கம்பியை ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகும், திரும்பும், மறுபடி வரும். திரும்பும்போதெல்லாம் அதே கல்லின் மேல் அதே முன்னங்காலை வைக்கும். அது நடந்த தடத்தில் புல்லே இல்லை, மண் இறுகிப் பளபளத்துக் கிடந்தது.

"எவ்வளவு சுறுசுறுப்பு பார்" என்றேன். மகள் எத்தனை தடவை திரும்புகிறது என்று எண்ண ஆரம்பித்தாள். அறுபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, "அப்பா, அது எங்கே போகணும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு தேடிப் படித்தேன். அடைபட்ட விலங்கு இப்படி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது சுறுசுறுப்பின் அடையாளம் இல்லையாம். காட்டில் பரந்த இடத்தில் சுற்றித் திரியும் ஊனுண்ணிகள்தான் கூண்டில் அதிகம் இப்படி நடக்கின்றன என்று 2003-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. பனிக்கரடிக்குப் பூங்காவில் கிடைக்கும் இடம், அது இயற்கையில் சுற்றும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்று அதில் படித்தபோது அந்தக் கல் ஞாபகம் வந்தது.

சில மாதம் கழித்துப் போனோம். கூண்டை மாற்றியிருந்தார்கள். உயரத்தில் மரப்பரண், மறைந்துகொள்ள அடர்ந்த புதர். இறைச்சியைத் தினமும் வெவ்வேறு இடத்தில் ஒளித்துவைப்பதாகக் காப்பாளர் சொன்னார். பரணிலிருந்து வால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. "இங்கே ஒண்ணும் இல்லை" என்று ஒவ்வொரு குடும்பமாக நகர்ந்து போனது. நாங்கள் ரொம்ப நேரம் அந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பூங்காவில் எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

*

எனக்குக் குரங்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டி, இந்தப் பக்கம் என் அண்ணன் மகன். அவன் முகத்தைக் கண்ணாடியில் அழுத்திச் சிரித்தான். குட்டியும் பல்லெல்லாம் தெரியக் காட்டியது. அந்தப் படத்தை ஒரு வருடம் கைபேசியின் முகப்பில் வைத்திருந்தேன். இப்படிச் சத்தமில்லாமல் பல்லைக் காட்டுவது பல வகைக் குரங்குகளிடம் பெரும்பாலும் பயம், இல்லையென்றால் "என்னை விட்டுவிடு" என்ற பணிவு என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது பார்த்தால் அதன் உடம்பு பின்னால் சாய்ந்திருப்பது படத்திலேயே தெரிகிறது.

கண்ணைப் பார்ப்பதும் அப்படித்தான். 2007-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் பூங்காவில் பொகிட்டோ என்ற கொரில்லா அகழியைத் தாண்டி வெளியே வந்து ஒரு பெண்ணைக் கடுமையாகக் காயப்படுத்தியது. அவர் அடிக்கடி வந்து அதன் கண்ணைப் பார்த்துப் புன்னகைத்தவர். அது அன்பு காட்டுகிறது என்றே நம்பியிருந்தார். கொரில்லாவுக்கோ நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது சவால். அதற்குப் பிறகு, பக்கவாட்டில் பார்ப்பதுபோல் கண் வரைந்த, அட்டையாலான மூக்குக்கண்ணாடிகளைப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தார்கள். நான் இப்போது குரங்கு இருக்கும் பக்கம் போனால் கொஞ்சம் தள்ளி நின்று, பக்கவாட்டில்தான் பார்க்கிறேன்.

*

என்னுடையது நல்ல விதமாக முடிந்தது. நீர்யானை கரையேறி நின்றபோது முதுகிலும் காதுக்குப் பின்னாலும் சிவப்பாக வழிந்தது. அடிபட்டுவிட்டது என்று பதறிக் காப்பாளரைத் தேடி ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ரத்தமும் இல்லை, வேர்வையும் இல்லைங்க" என்றார். தோலிலிருந்து சுரக்கும்போது நிறமில்லாமல் இருக்கும் திரவம், சில நிமிடங்களில் சிவந்து பிறகு பழுப்பாகிவிடுமாம். வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது, கிருமியையும் தடுக்கிறது. அவ்வளவு பெரிய உடம்பு தன் மருந்தைத் தானே பூசிக்கொள்கிறது! ஓடிப்போய்ச் சொன்னதற்கு அவர் நன்றி வேறு சொன்னார். ஏதாவது கண்ணில் பட்டால் தயங்காமல் சொல்லுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்றார்.

*

முதலையை யாரும் சொல்லவில்லையே. வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. பொம்மையா என்று பார்க்க ஒரு பையன் கல்லைக் கையில் எடுத்துவிட்டான். எனக்கு நெஞ்சு பதறியது. "தம்பி, அது வாய் வழியாகச் சூட்டை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் நில்லு, அதுவே அசையும்" என்றேன். நம்பாமல்தான் நின்றான். இருபது நிமிடம் இருக்கும். முதலை மெதுவாக வாயை மூடி, தண்ணீரில் ஓர் அலைகூட எழாமல் இறங்கி மறைந்தது. பையன் கல்லை எப்போது கீழே போட்டான் என்று நான் கவனிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது மறுபடி எங்கே தலை தூக்கும் என்று தேடிக்கொண்டிருந்தான்.