மஞ்சள் சிச்லிட் மீன் பத்து நாளில் கறுத்துவிட்டது, நோயா?

கேள்வி:
எட்டு மாதம் முன்பு "மஞ்சள் சிச்லிட்" என்று சொல்லித்தான் கடையில் ஆறு குஞ்சுகள் கொடுத்தார்கள். தொட்டி 3 அடி, 160 லிட்டர், போர் தண்ணீர். எல்லாமே மஞ்சள், தலையிலிருந்து வால்வரை கறுப்புக் கோடுகள். இப்போது பெரியது மட்டும் கறுத்துவிட்டது, கறுப்புக் கோடு இருந்த இடம் வெளுத்து லேசான நீலமாகத் தெரிகிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் மற்றவற்றை விடாமல் துரத்தி இரண்டைக் கொன்றே விட்டது. இன்னொன்று வால் கிழிந்து ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கி நிற்கிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது. மருந்து போடலாமா?

பதில் 1:
மருந்தே வேண்டாம் தம்பி. அது ஆரட்டஸ் என்ற வேறு சிச்லிட், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன். குஞ்சும் பெண்ணும் மஞ்சளில் கறுப்புக் கோடு, ஆண் பருவம் வந்ததும் அப்படியே தலைகீழாக மாறிவிடும். நீங்கள் கேட்ட மஞ்சள் சிச்லிட்டுக்கு உடம்பில் நீளக் கோடே கிடையாது, முதுகுத் துடுப்பில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு ஓடும், குணமும் சாது. குஞ்சாக இருக்கும்போது இந்த ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்கினால் போதும். ஆரட்டஸ், ம்புனா என்கிற மலாவி ஏரிப் பாறை மீன் வகையிலேயே முரட்டு மீன், 3 அடித் தொட்டி முழுவதையும் தன் இடம் என்றுதான் நினைக்கும். இன்றைக்கே அதைத் தனியாக எடுங்கள்.

பதில் 2:
நிறத்தை மட்டும் வைத்து ஆண் என்று முடிவு கட்ட வேண்டாம், ஆண் இல்லாத கூட்டத்தில் ஆதிக்கம் செய்யும் பெண்ணும் கறுப்பதுண்டு. எதுவானாலும் பிரிக்கத்தான் வேண்டும். அப்புறம், என்ன தீனி போடுகிறீர்கள்? இவை பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்கிற மீன்கள். புழுவும் மாமிசத் தீனியும் தினமும் போட்டால் வயிறு வீங்கிச் செத்துப்போகும், நானே அப்படி நான்கை இழந்திருக்கிறேன். ஸ்பைருலினா என்கிற நீலப்பச்சைப் பாசி கலந்த தீனி, அதுவும் கொஞ்சமாக. போர் தண்ணீர் கடினமாக இருந்தால் நல்லதுதான், பி.எச். 7.7க்கு மேல் இருக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. கறுப்பை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டேன். ஆனால் அந்தக் குழாய்க்குப் பின்னால் நிற்கிற மீன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, தாடை வேறு தொங்குகிறது, எதையோ மெல்வதுபோல வாயை அசைத்துக்கொண்டே இருக்கிறது.

பதில் 1:
அட, வாயில் முட்டை வைத்திருக்கிறது! அப்படியென்றால் கறுத்தது அநேகமாக ஆண்தான். மூன்று வாரம் போல பட்டினி கிடந்து குஞ்சுகளை வாயிலேயே வளர்க்கும். வலை போட்டுத் துரத்தாதீர்கள், பயந்தால் முட்டையைத் துப்பிவிடும், இல்லாவிட்டால் விழுங்கிவிடும். கற்களை நன்றாக அடுக்கி ஒளிய இடம் கொடுங்கள். வால் வளர்ந்துவிடும், தண்ணீரை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.