வளையும் பிளாஸ்டிக் குழாய்: சுவருக்குள் உழைத்தது, வெயிலில் முறிந்தது

தரைக்கடியில் போன இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானபோது, தரையைப் பெயர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. பழையதை அப்படியே கைவிட்டு, மேல்தளத்துக்கும் பொய்க்கூரைக்கும் இடையே பெக்ஸ் எனப்படும் வளையும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் குழாயை இழுத்துவிட்டோம். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீர் பிரியும் இடத்திலிருந்து ஒவ்வொரு வாஷ்பேசினுக்கும் குளியலறைக்கும் ஒரே நீளமாகப் போகிறது. நடுவில் எல்போ இல்லை, இணைப்பு இல்லை. இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் இரும்புக் குழாய் சுவரே அதிரும்படி முட்டும். அந்தச் சத்தமும் அடங்கிவிட்டது.

இந்த நிம்மதியில்தான் ஒரு தவறு செய்தேன். மிச்சமிருந்த இரண்டு மீட்டர் துண்டை வீணாக்குவானேன் என்று, தோட்டத்துக்காக மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் பொருத்தினேன். நான்காவது கோடையில் சுவர் நனைந்து கிடந்தது. கழற்றிக் கையில் எடுத்தேன். சுவரை ஒட்டியிருந்த பக்கம் புதிது போலவே இருந்தது. வெயில் பட்ட பக்கம் மங்கிப்போய், நகத்தால் கீறினால் வெள்ளையாக மாவு உதிர்ந்தது. தலைமுடி அளவு கீறல்கள் குறுக்கே வரிசையாக ஓடின. மெல்ல வளைத்ததும் சுள்ளி போல் முறிந்தது. பிளாஸ்டிக் நைந்துபோகாமல் இருக்கச் சேர்க்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைப் புற ஊதாக் கதிர்கள் அழித்துவிடுகின்றன என்று பிறகுதான் அறிந்தேன். கட்டுமானத்தின்போது வெயிலில் கிடப்பதற்கே தயாரிப்பாளர்கள் சில மாதங்கள்தான் கெடு வைக்கிறார்கள்.

சுவருக்குள் இருப்பதை நினைத்து இப்போது கவலையாக இருக்கிறது. உங்கள் வீடுகளில் எப்படி?

* * *

இருபது ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்கிறேன், ஐயா. உள்ளே இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். "நடுவில் இணைப்பு இல்லை" என்றீர்களே, அதுதான் விஷயம். வெயில் படாத இடத்தில் இந்தக் குழாய் தானாக வெடித்து நான் பார்த்தது மிக அரிது. நான் போய்ப் பார்த்த ஒழுக்குகளில் பெரும்பாலானவை இணைப்பில்தான்.

பிவிசி பழக்கத்தில் சிலர் திருப்பத்துக்குத் திருப்பம் வெட்டி எல்போ வைக்கிறார்கள். குழாய்க்குள் நுழையும் பித்தளை இணைப்பின் துளை, குழாயின் துளையைவிடச் சிறியது. அப்படிப் பத்து வைத்தால் கடைசி அறையில் தண்ணீர் நூலாக இறங்கும். வெட்டாமலே வளைக்கலாம்: பொதுவாக வெளிவிட்டத்தின் எட்டு மடங்கு ஆரம் வேண்டும், அதாவது 16 மில்லிமீட்டர் குழாய்க்கு ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். அதைவிட இறுக்கினால் மடிந்துவிடும். மடிந்த இடத்தை 'ஏ' வகையில் வெப்பக்காற்று காட்டி மீட்கலாம்; மற்ற வகைகளில் வெட்டியே ஆக வேண்டும். ஏ, பி, சி என்பவை தர வரிசை அல்ல. மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைக்கும் முறையைக் குறிக்கும் எழுத்துகள், அவ்வளவுதான். பிவிசி பசையும் இதில் பிடிக்காது. அந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது. பாலிஎத்திலீன் அதற்குக் கரையாது.

ஒரு சம்பவம் இன்றும் என் மனதை அறுக்கிறது. உதவியாளர், இணைப்பின் மேல் குழாயை இறுக்கிப் பிடிக்கும் செப்பு வளையம் ஒன்றை மாட்டிவிட்டு, கருவியால் நெரிக்க மறந்துவிட்டார். தண்ணீர் விட்டுப் பார்த்தோம், ஒழுகவில்லை. குழாயின் சொந்தப் பிடிமானமே இரண்டு மாதம் தாங்கியிருக்கிறது. பிறகு ஒரு நள்ளிரவில் கழன்று, அந்த வீட்டின் மர அலமாரிகள் எல்லாம் ஊறிவிட்டன. பிரித்துப் பார்த்தபோது வளையத்தில் ஒரு தழும்புகூட இல்லை, பளபளவென்று இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு வளையத்தையும் அளவியில் வைத்துச் சரிபார்த்து, மையால் குறியிட்டு, அழுத்தச் சோதனையும் முடிந்த பிறகே சுவரைப் பூசவிடுகிறேன்.

* * *

எங்கள் வீட்டில் ஒழுக்கு இல்லை, சத்தம். வெந்நீர் திறந்த சில நிமிடங்களில் சுவருக்குள் 'டிக், டிக்' என்று யாரோ தட்டுவது போல் கேட்கும். என் தாயார் பல இரவுகள் உறங்காமல் எழுந்து உட்கார்ந்திருந்தார். காரணம் எளிது: பத்து மீட்டர் பெக்ஸ் குழாயின் வெப்பம் 40 டிகிரி கூடினால் அது ஆறரை சென்டிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. அதே நீளச் செம்பு ஏழு மில்லிமீட்டர்தான் நீளும். எங்கள் குழாயை நாண் போல இழுத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கிளாம்புகளைத் தளர்த்தி, சற்றுத் தொய்வு கொடுத்ததும் சத்தம் நின்றது.

ஹீட்டரிலிருந்து வெளிவரும் முதல் 45 சென்டிமீட்டர் உலோகமாக இருக்கட்டும். 23 டிகிரியில் 11 பார் அழுத்தம் தாங்கும் என மதிப்பிடப்பட்ட குழாய்க்கு 82 டிகிரியில் ஏறத்தாழ 7 பார்தான் வரம்பு. சூரிய வெப்பத் தகட்டிலிருந்து நேராக வரும் பகுதிக்கு இதைத் தயவுசெய்து போடாதீர்கள். தண்ணீர் ஓடாமல் நிற்கும் நண்பகலில் அங்கே வெப்பம் இந்த வரம்புகளை எல்லாம் தாண்டிவிடும்.

* * *

பொய்க்கூரைக்குள் எலி நடமாட்டம் உண்டா? எங்கள் குழாயில் பல் வரிசை தெளிவாகத் தெரிந்தது. எலிகளுக்கு இந்தப் பிளாஸ்டிக் கடிக்க வாகாக இருக்கிறது.

* * *

மின்பணியாளன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய கட்டடங்கள் சிலவற்றில் மண்ணுக்குள் போகும் இரும்புக் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். அந்த வழியில் ஒரு முழம் பிளாஸ்டிக் புகுந்தாலும் எர்த் அறுந்துபோகும். தண்ணீர் நன்றாக வரும், விளக்கு எரியும். எதுவும் மாறியதாகவே தெரியாது. ஏதாவது ஒரு சாதனத்தில் மின்கசிவு வரும்போதுதான், மிச்சமிருக்கும் உலோகக் குழாயைத் தொட்டவருக்கு அடிக்கும். ஒரு வீட்டில் ஷவர் திருகைத் தொட்ட சிறுவன் அலறியதால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். முதல் பதிவிட்ட ஐயா, நீங்கள் கைவிட்டது இரும்புக் குழாய். உங்கள் எர்த் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா?

* * *

பார்க்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அது என் நினைவுக்கே வரவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் மீட்டர் பெட்டியைத் திறந்தேன்: பச்சைக் கம்பி ஒன்று சுவரோரமாக இறங்கி, நாங்கள் வெட்டிவிட்ட அதே இரும்புக் குழாயின் முனையில் சுற்றப்பட்டிருக்கிறது. ஹீட்டரின் இணைப்பைப் பிடுங்கி வைத்துவிட்டேன். நாளைக் காலை மின்பணியாளர் வருகிறார். தனியாக எர்த் கம்பி இறக்கச் சொல்லியிருக்கிறேன்.