ஸ்பானிஷ் கத்துக்கணும்: ஸ்பெயின் பேச்சா, மெக்ஸிகோ பேச்சா?

வில்பட்டி வள்ளி:
கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில மாடி ரூமை ஹோம்ஸ்டேவா விட்டிருக்கோம். முதல்ல மாட்ரிட்ல இருந்து ஒரு ஜோடி வந்துச்சு, இப்ப மெக்ஸிகோ அம்மாவும் மகளும். நன்றி சொல்ல அவங்க ‘கிராத்தியாஸ்’னாங்க, இவங்க ‘கிராஸியாஸ்’ங்கிறாங்க. எதைப் பிடிச்சுப் படிக்க? ஆப்பைப் போட்டா, ஆப்பிள் தின்னுற பையனைத் தாண்டி நகர மாட்டேங்குது. எனக்கு வேண்டியது வெந்நீர் வேணுமா, ராத்திரி சாப்பாடு உண்டா, வெளிய காட்டுமாடு நிக்குது போகாதீங்க. அவ்வளவுதான்.

கப்பல் கிச்சன்:
அக்கா, மெக்ஸிகோ பேச்சையே பிடிங்க. ஸ்பெயின் ஜனத்தொகை 5 கோடி வராது, மெக்ஸிகோ மட்டுமே 12 கோடிக்கு மேல. அந்த ‘த்’ ஸ்பெயின்லயே எல்லா ஊர்லயும் கிடையாது, கேனரி தீவுக்காரங்க ‘ஸ்’தான். கெஸ்ட்டுகிட்ட ‘ஊஸ்தெத்’ போட்டுப் பேசுங்க, அது நம்ம ‘நீங்க’. ஸ்பெயின்காரங்க சீக்கிரமே ‘தூ’வுக்கு, அதாவது ‘நீ’க்கு இறங்கிடுவாங்க, அதை மரியாதைக் குறைச்சலா எடுத்துக்காதீங்க. கப்பல்ல என்கூட காய் நறுக்கின கொலம்பியா பொகோட்டாக்காரர் போன்ல பெண்டாட்டியையே ‘ஊஸ்தெத்’னுதான் கூப்பிடுவார். அந்தப் பக்கம் அது சகஜமாம். சண்டையிலயும் அதே மரியாதைதான்!

குன்னூர் டியூஷன்:
வள்ளிம்மா, நாக்கு விஷயத்துல உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். இங்கிலீஷ் ‘ட’வை மட்டும் கிட்ட சேர்க்காதீங்க. ‘தோமாத்தே’ன்னா தக்காளி, அந்த ‘த்’ ‘பத்து’ல வர்ற மாதிரி அழுத்தமா. ‘நாதா’ன்னா ஒண்ணுமில்ல, அங்க ‘அது’ல வர்ற மாதிரி மெத்துனு. ‘பேசுறேன்’னு சொன்னா ‘நான்’ தேவையில்லைல்ல? அங்கயும் ‘ஆப்லோ’ன்னா போதும், ஆள் யாருன்னு விகுதியே காட்டிடும். வெந்நீர் ‘ஆக்வா காலியெந்தே’, ராத்திரி சாப்பாடு ‘சேனா’. படுத்துறது ஆண்பால் பெண்பால்தான். மேசை பெண்பால், தட்டு ஆண்பால். ஏன்னு கேட்காம உருப்போட வேண்டியதுதான்.

வில்பட்டி வள்ளி:
சரிங்க டீச்சர், மெக்ஸிகோவே வச்சுக்கிறேன். காட்டுமாட்டுக்கு வழி சொல்லலையே. நேத்து கேரட் காட்டு ஓரமா ரெண்டு நின்னுச்சு, அந்தப் பொண்ணு செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுச்சு. கையைப் பிடிச்சு இழுத்தேன்.

கப்பல் கிச்சன்:
‘குயிதாதோ! நோ சால்கா!’ ஜாக்கிரதை, வெளிய போகாதீங்க. கிச்சன்ல கொதிக்கிற அண்டாவைத் தூக்கிட்டு வரும்போது எல்லார் வாயிலயும் அந்த ‘குயிதாதோ’தான். தப்பித்தவறி ‘தோரோ’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, காளைன்னு மாட்ரிட் ஜோடி கேமராவோட ஓடும்.