மெதுவானது கடிகாரமா, காலமா?

ஊசல்:
இந்த மன்றத்தின் பக்கத்து இழையில் ஒருவர், "1971-இல் விமானத்தில் ஏற்றிய கடிகாரம் பின்தங்கியது, ஆகவே ஐன்ஸ்டீனின் சார்பியல் சொன்னபடி, வேகமாகப் போனால் காலமே மெதுவாகும் என்பது நிரூபணமாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. முப்பது வருடமாகக் கடிகாரம் பழுது பார்க்கிறவன் நான். சித்திரை வெயிலில் ஊசல் தண்டு நீளும், சுவர்க்கடிகாரம் பின்தங்கும். குண்டுக்கு அடியில் இருக்கும் திருகை ஒரு சுற்று ஏற்றினால் சரியாகிவிடும். சித்திரையில் காலமே மெதுவாகிறது என்று யாராவது சொல்வார்களா? பின்தங்கியது கடிகாரம்.

வானொளி:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். அந்தச் சோதனையைச் செய்த ஹாஃபெலேயும் கீட்டிங்கும் விமானத்தில் கொண்டுபோனது ஊசல் கடிகாரமில்லை, நான்கு சீசியம் அணுக் கடிகாரங்கள். கிழக்கே உலகைச் சுற்றியபோது சுமார் 59 நானோ நொடி (ஒரு நானோ நொடி, நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பின்தங்கின, மேற்கே சுற்றியபோது சுமார் 273 நானோ நொடி முந்தின. வெயிலா திசை பார்த்து அடிக்கிறது?

ஊசல்:
நீங்களே எழுதிவிட்டீர்கள், "கடிகாரங்கள் பின்தங்கின" என்று. காலம் பின்தங்கியது என்று எழுதக் கை வரவில்லை, பாருங்கள். போதாததற்கு இப்போது முந்தவும் செய்தனவாம். அந்த இழையில் இதை ஏன் மறைத்தீர்கள்?

தேன்சிட்டு:
ஊசல் ஐயா, மியூவான் என்று அணுவைவிடச் சிறிய, பிறந்ததும் சிதைந்துபோகும் ஒரு துகள் இருக்கிறது. அதற்குத் திருகு கிடையாது. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். வளிமண்டலத்தின் உச்சியில் பிறப்பது, ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடினாலும், அந்த ஆயுளுக்குள் ஒரு கிலோமீட்டர்கூடக் கடக்க முடியாது. ஆனால் ஏராளமானவை தரைக்கு வந்து சேர்கின்றன. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஊசல்:
மியூவான் சிதைவதும் ஒரு துடிப்புதானே அம்மா? அதுவும் ஒரு கடிகாரம். கடிகாரம் மெதுவானது.

வானொளி:
எதைக் காட்டினாலும் அதைக் கடிகாரம் என்றுவிட்டால் அப்புறம் காலம் என்று எதைத்தான் சொல்வீர்கள்? ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோ நொடி முந்தும். அதைத் திருத்தாமல் விட்டால் உங்கள் கடைக்கு வழி கேட்கிறவன் வேறு ஊரில் நிற்பான். நாழிகை 24 நிமிடம்தானா என்று போன வருடம் மூன்று நாள் எங்களை இழுத்தடித்தவர் நீங்கள்.

ஊசல்:
நாழிகையில் நான் சொன்னதுதான் சரி. இங்கும் அதுதான். திருத்துவது கடிகாரத்தை, காலத்தை அல்ல.

பனைநிழல்:
இந்தச் சண்டை 1922 ஏப்ரல் 6-ஆம் தேதியே பாரிஸில் நடந்துவிட்டது. கடிகாரம் காட்டுவது காலமாகாது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன் ஐன்ஸ்டீனிடம் நேருக்கு நேர் வாதாடினார். தண்ணீரில் சர்க்கரை கரையும்வரை நாம் காத்திருக்கிறோமே, அந்தக் காத்திருப்புதான் அவருக்குக் காலம்.

வானொளி:
வாதாடித் தோற்றார்.

பனைநிழல்:
யார் சொன்னது? ஐன்ஸ்டீனுக்கு நோபல் கிடைத்தது ஒளிமின் விளைவுக்காக, சார்பியலுக்காக அல்ல. பரிசளிப்பு உரையிலேயே பெர்க்சனின் எதிர்ப்பைச் சொன்னார்கள்.

தேன்சிட்டு:
நோபல் கமிட்டி தயங்கினால் மியூவான் பாதியிலேயே நின்றுவிடுமா?

ஊசல்:
நோபலும் வேண்டாம், பாரிஸும் வேண்டாம். நான் கேட்டது ஒரே கேள்வி. விமானத்தில் மெதுவானது எது? வானொளி இன்னும் பதில் சொல்லவில்லை.

வானொளி:
நான்கு முறை சொல்லியாயிற்று.

ஊசல்:
நான்கு முறையும் "கடிகாரம்" என்றுதான் சொன்னீர்கள்.