கோகனின் அந்த இளஞ்சிவப்பு: பாரிஸ் நண்பர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் 1891-இல் தீட்டிய 'கடற்கரையில் தஹிதிப் பெண்கள்' ஓவியத்தை ஆயில் பெயின்டில் பார்த்து வரைந்து பழகுகிறேன். மூல ஓவியம் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மணலில் இரண்டு பெண்கள். இடது பக்கத்தவள் வெள்ளைப் பூப்போட்ட சிவப்புத் துணியை இடுப்பில் சுற்றி, கையை ஊன்றித் தலை குனிந்திருக்கிறாள். அவள் பக்கம் ஓரளவு வந்துவிட்டது. சிக்கல் வலது பக்கத்தில். ஓலை நாரைக் கையில் வைத்துப் பின்னிக்கொண்டிருப்பவள் கழுத்து வரை மூடிய நீளமான கவுன் போட்டிருக்கிறாள். மிஷனரிகள் தஹிதித் தீவில் பழக்கிய உடை அது. அதன் இளஞ்சிவப்புதான் பிடிபடவே மாட்டேன் என்கிறது. இணையத்தில் ஒரு படத்தில் ஊதா கலந்த மாதிரி இருக்கிறது, இன்னொன்றில் பழுத்த கொய்யாவின் உள்பக்கம் மாதிரி. எதை நம்புவது?

நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: மடிப்புகளின் நிழலில் இருப்பது நீலமா, ஊதாவா? பாரிஸில் இருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது ஃபிளாஷ் இல்லாமல், கவுனையும் பக்கத்து மஞ்சள் மணலையும் சேர்த்து ஒரு குளோசப் எடுத்து அனுப்பினால் பெரிய உதவி. பக்கத்து நிறம் இல்லாமல் இந்த நிறத்தைக் கணிக்க முடியாது.

அப்புறம், ஜெர்மனியில் யாராவது? 1892-இல் இதே காட்சியை கோகன் மறுபடி வரைந்தது டிரெஸ்டனில் இருக்கிறது. அதில் கவுனுக்குப் பதில் சுற்றுத்துணி. இரண்டையும் பார்த்தவர் இருந்தால் அவசியம் பேச வேண்டும்.